மேம்படுத்தியவர் போன பின்னும் நின்றவை
போனக்காட்டு மலையிலிருந்து ஒரு நிர்வாகப் பாடம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் மலைப்பாதையில் சென்றால் போனக்காடு வரும். அகஸ்திய மலை ஏறுகிறவர்கள் புறப்படும் இடம் அது. வருஷத்தில் சில வாரங்கள் மட்டும், வனத்துறையின் அனுமதி பெற்று, போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வழியாக நடந்து சிகரத்தை அடைகிறார்கள். சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். தமிழுக்கு இலக்கணம் தந்த முனிவரின் இருப்பிடம் என்று மரபு சொல்வதால் இந்த மலையின் பெயர் நம் அன்பர்கள் அனைவருக்கும் தெரியும். போனக்காட்டைப் பற்றி இந்தக் காலத்து இளைஞர்களைக் கேட்டால் அங்கே ஒரு "பேய் பங்களா" உண்டு என்பார்கள். சற்று மேலே, அதே மலையின் உச்சியில், 1850-களில் ஒரு விஞ்ஞான ஆய்வுக் கூடம் இயங்கியது என்ற செய்தி பலருக்குத் தெரியாது.

அந்தக் கூடத்தின் கதையும், அதைச் சுற்றித் திருவிதாங்கூரில் நடந்த வேறு சில முயற்சிகளின் கதையும் நம்மைப் போன்ற சங்கங்களுக்குப் பயன்படும். ஏனெனில் ஒவ்வொரு புதிய நிர்வாகக் குழுவும் பதவி ஏற்றவுடன் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: "அங்கத்தினர்களுக்குச் செய்யும் சேவையை எப்படி மேம்படுத்துவது?" பெரும்பாலும் வரும் பதில், "புதிதாக ஒன்று ஆரம்பிப்போம்." புதியது ஆரம்பிப்பதில் தவறில்லை. ஆனால் எது நிலைத்தது, எது கலைந்தது என்று சரித்திரத்தைப் பார்த்தால், ஏற்கெனவே இருந்ததன் மேல் எழுப்பியதுதான் எழுப்பியவர் போன பிறகும் நின்றிருக்கிறது.

மகாராஜா தேடிப்போகவில்லை

1829 முதல் 1846 வரை ஆட்சி செய்த ஸ்வாதித் திருநாள் மகாராஜாவை நாம் ஸாகித்யகர்த்தாவாகவே அறிவோம். அவருக்கு வான சாஸ்திரத்திலும் ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. நம் ஜோதிஷ கணிதத்தை நன்கு கற்றிருந்த அவர், ஐரோப்பியர்களின் கணிதம் அதனுடன் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினார் என்று பி. சங்குண்ணி மேனன் 1878-ல் வெளியிட்ட தம் திருவிதாங்கூர் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்.

இந்த ஆசை நிறைவேற மகாராஜா ஐரோப்பாவில் ஆள் தேடவில்லை. ஆலப்புழையில் சமஸ்தானத்தின் வர்த்தக ஏஜெண்டாக ஜான் கால்டிகாட் என்பவர் ஏற்கெனவே சேவையில் இருந்தார். மிளகு, ஏலம் வியாபாரம் பார்ப்பது அவருடைய உத்தியோகம். ஓய்வு நேரத்தில் தம் சொந்தக் கருவிகளைக் கொண்டு நட்சத்திரங்களைக் கவனிப்பது அவருடைய பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்கு மகாராஜாவின் கவனத்துக்கு வந்தது. சமஸ்தானத்துக்கு ஒரு வான் ஆய்வுக் கூடம் வேண்டும் என்று முடிவாயிற்று. கட்டடத்தை வடிவமைத்தவர் மதராஸ் பட்டாளத்தின் பொறியாளரான லெப்டினன்ட் ஹார்ஸ்லி. 1837-ல் திருவனந்தபுரத்தில் ஒரு குன்றின் மேல் கூடம் அமைந்தது. முதல் கருவிகளும் கால்டிகாட்டின் சொந்தக் கருவிகளே. ஊர் ஜனங்கள் அதை "நட்சத்திர பங்களா" என்று அழைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு. முதலில் கையில் இருந்த ஆள், அடுத்து அவரிடம் இருந்த கருவி, பிறகு பக்கத்தில் கிடைத்த பொறியாளர். இவை சேர்ந்து வேலை தொடங்கிய பிறகுதான், இல்லாத பெரிய கருவிகளை வாங்கக் கால்டிகாட் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். வேலையை நடத்திப் பார்த்தவருக்குத்தான் எது தேவை, எது வெறும் அலங்காரம் என்பது தெரியும். செலவு செய்வது கடைசி கட்டமாக இருந்தது. நம் ஸ்தாபனங்களில் பல சமயம் இந்த வரிசை தலைகீழாகிறது. முதலில் கட்டடம், பிறகு கருவி, கடைசியில் இதை யார் நடத்துவது என்ற யோசனை.

திருவனந்தபுரத்துக்கு இன்னொரு சொத்தும் இருந்தது. அதை யாரும் வாங்கவில்லை, இயற்கை கொடுத்தது. பூமியின் காந்த மத்திய ரேகை தென்கோடி இந்தியாவின் வழியே செல்கிறது. அந்த ரேகைக்கு அருகில் காந்த ஊசியின் தினசரி அசைவுகளைக் குறித்து வைக்கும் இடங்கள் உலகிலேயே மிகக் குறைவு. 1840-களில் பல நாடுகளின் ஆய்வுக் கூடங்கள் சேர்ந்து பூமியின் காந்தத்தை அளக்கும் முயற்சியில் இறங்கியபோது, திருவனந்தபுரத்தின் குறிப்புகளுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. நட்சத்திரம் பார்க்க ஏற்பட்ட கூடம், காந்தத்தையும் வானிலையையும் கவனிக்கும் கூடமாக விரிந்தது. பூமிக்கு அடியில் வெவ்வேறு ஆழங்களில் மண்ணின் வெப்பம் எவ்வளவு என்பதையும் கால்டிகாட் வருஷக்கணக்கில் அளந்து வைத்தார். அதே குன்று, அதே ஆட்கள், கூடுதலான சேவை.

பிரவுன் வந்தார்

1849-ல் கால்டிகாட் காலமானார். தலைவர் இல்லாத ஸ்தாபனத்துக்கு என்ன நேரும் என்பது நமக்குத் தெரியாததல்ல. 1852 ஜனவரியில் ஜான் ஆலன் பிரவுன் பொறுப்பேற்க வந்தார். ஸ்காட்லாந்தில் மேக்கர்ஸ்டவுன் என்ற இடத்தில் இருந்த காந்த ஆய்வுக் கூடத்தை நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது.

வெளியிலிருந்து, பெரிய அனுபவத்துடன் வரும் தலைவருக்கு ஒரு சபலம் இருக்கும். "இதற்கு முன் நடந்தது எதுவும் சரியில்லை, நான் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்" என்பதே அது. பிரவுன் அப்படிச் செய்யாமல், அதே குன்றையும் அதே கூடத்தையும் தளமாகக் கொண்டு, அதன் மேல் தமக்குத் தெரிந்த ஒழுங்கைச் சேர்த்தார். இரவு பகலாக, குறித்த நேரம் தவறாமல் கருவிகளைப் பார்த்து எழுதும் வேலை ஒருவரால் முடியக்கூடியதல்ல. அதற்குப் பயிற்சி பெற்ற ஒரு குழு வேண்டும். அந்தக் குழு உள்ளூர் உதவியாளர்களால் ஆனது. பிரவுனின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. எண்களை எழுதிய கைகளில் மிகப் பல இந்த ஊர்க் கைகள்.

அடுத்து அவர் மனதில் எழுந்த கேள்வி அகஸ்திய மலையைக் காட்டியது. கடல் மட்டத்துக்கு அருகில் உள்ள திருவனந்தபுரத்தில் காந்த ஊசி தினமும் ஒரு விதமாக அசைகிறது. ஆறாயிரம் அடி உயரத்திலும் அதே விதமாக அசையுமா? உயரத்தால் காந்தமும் காற்றழுத்தமும் எப்படி மாறுகின்றன? இதை அறிய, கீழே ஒரு கூடமும் மேலே ஒரு கூடமும் ஒரே சமயத்தில் இயங்க வேண்டும். கீழே இருப்பது தயாராக இருந்தது. மேலே ஒன்று வேண்டியிருந்தது.

யானையும் புலியும் நடமாடிய காட்டின் வழியே பாதை வெட்டி, மரமும் கருவிகளும் தலைச்சுமையாகவே மேலே போயின. உச்சியில் மழையும் மேகமும் கடுங்காற்றும் விடாது அடிக்கும். காட்டின் தடம் அறிந்த மலைவாழ் மக்களும் சுமை தூக்கியவர்களும் இல்லாமல் இது நடந்திருக்க முடியாது. 1855-ல் சிகரத்துக் கூடம் தயாராயிற்று. உலகில் மலை உச்சியில் அமைந்த ஆய்வுக் கூடங்கள் மிகவும் அபூர்வமாக இருந்த காலம் அது.

பலனும் கிடைத்தது. பூமியின் காந்த சக்தியில் நாளுக்கு நாள் ஏற்படும் ஏற்ற இறக்கங்கள் ஓர் ஊருக்கு மட்டும் உரியவை அல்ல, தூர தூர இடங்களிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நிகழ்பவை என்று பிரவுன் காட்டினார். அவற்றில் சுமார் 26 நாள் இடைவெளியில் திரும்பி வரும் ஒரு கதி உண்டு என்றும், அதற்குச் சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு தொடர்பு உண்டு என்றும் சொன்னார். 1878-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவருக்கு ராயல் பதக்கம் அளித்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

அதே கையோடு ஒரு மியூசியம்

பிரவுனின் இன்னொரு காரியத்தைத் திருவனந்தபுரம் சென்ற அன்பர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவருடையது என்று தெரிந்திருக்காது. அப்போது ரெஸிடெண்டாக இருந்த ஜெனரல் கல்லன் கற்களையும் தாதுக்களையும் சேகரிப்பதில் ஆர்வம் உள்ளவர். அவரிடம் பெரிய சேகரிப்பு இருந்தது. தனி மனிதரின் பெட்டிகளில் இருக்கும் இதைப் பொதுமக்கள் பார்த்துப் படிக்கும்படி வைத்தால் என்ன என்ற யோசனை எழுந்தது. 1855-ல் ஒரு சபை ஏற்பட்டது. மகாராஜா புரவலர், கல்லன் தலைவர், பிரவுன் செயலாளர். 1857-ல் மியூசியம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1859-ல் தோட்டமும் மிருகக்காட்சிச் சாலையும் சேர்ந்தன. இன்று நாம் பார்க்கும் அழகான நேப்பியர் மியூசியக் கட்டடம் சிஸம் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1880-ல் முடிந்தது.

அதாவது சேவை ஆரம்பித்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் அதற்குத் தகுந்த கட்டடம் வந்தது. அதற்குள் சேகரிப்பு வளர்ந்திருந்தது. ஜனங்களுக்கு வந்து பார்க்கும் பழக்கம் ஏற்பட்டிருந்தது. எவ்வளவு இடம் தேவை என்பதும் தெரிந்திருந்தது. புதிய கட்டடமும் கேரளத்துக் கூரை அமைப்பையும் மர வேலைப்பாட்டையும் தழுவியே எழுந்தது.

எது நின்றது, எது விழுந்தது

1865-ல் பிரவுன் விடைபெற்றார். கூடத்தின் பணி சுருக்கப்பட்டது. இங்கேதான் இரண்டு கூடங்களின் கதியும் பிரிகிறது.

சிகரத்துக் கூடம் பிரவுன் என்ற ஒருவரின் உறுதியில் நின்றது. அங்கே ஏற்கெனவே ஊரில்லை, வழியில்லை, தங்கும் மனிதர்கள் இல்லை. ஒவ்வொரு படி அரிசியும் கீழிருந்து போக வேண்டும். அவர் இல்லாதபோது அதைத் தாங்க எதுவும் இல்லை. காடு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இன்று உச்சிக்குப் போகிறவர்கள் அகஸ்தியரின் சிலையைத் தரிசிக்கிறார்கள். அங்கே ஒரு காலத்தில் மணி தவறாமல் காந்த ஊசியைப் பார்த்து எழுதினார்கள் என்பதை நினைவூட்ட ஆளில்லை.

கீழே இருந்த கூடத்தின் கதை வேறு. பிரவுன் 1874-ல் லண்டனில் வெளியிட்ட பெரிய நூலில், திருவனந்தபுரத்திலும் அகஸ்திய மலையிலும் எடுத்த காந்தக் குறிப்புகள் தொகுக்கப்பட்டுள்ளன. அந்த நூலின் தலைப்பிலேயே ஆண்டுகள் அச்சாகியிருக்கின்றன: 1852 முதல் 1869 வரை. பிரவுன் ஊரை விட்டுப் போனதோ 1865-ல். மீதி நான்கு ஆண்டுகளின் குறிப்புகளை எழுதியவர்கள் அவர் பயிற்றுவித்துவிட்டுப் போன உள்ளூர் உதவியாளர்கள். தலைவர் கப்பலேறிய மறுநாளும் குறிப்பேட்டில் எண்கள் ஏறின. ஒரு ஸ்தாபனத்துக்கு இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் வேண்டியதில்லை.

அந்தக் குன்று இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது. பழைய வான் ஆய்வுக் கூடம் கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் திருவனந்தபுர மையமும் அதே பகுதியில்தான் இருக்கிறது. மழை வருமா என்று இன்று கேரளம் கேட்கும் கேள்விக்குப் பதில் வருவது 1837-ல் மகாராஜா தேர்ந்த குன்றின் பக்கமிருந்துதான்.

கோவில் ஓட்டக்காரரிலிருந்து பொதுத் தபாலுக்கு

விஞ்ஞானம் மட்டும் அல்ல, அன்றாட சேவைகளிலும் இதே பாணியைத் திருவிதாங்கூரில் காணலாம். நாம் தமிழில் தபாலை "அஞ்சல்" என்கிறோம். திருவிதாங்கூரில் அதே பெயரில் சமஸ்தானத்தின் சொந்தத் தபால் துறை இருந்தது. அதன் வேர் மிகப் பழையது. அரசாங்க ஓலைகளையும், பத்மநாபஸ்வாமி கோவிலுக்கு வேண்டிய பொருள்களையும் ஊருக்கு ஊர் கைமாற்றி எடுத்துச் சென்ற ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். மணி கட்டிய கோலுடன் ஓடி வரும் அஞ்சல்காரனுக்கு வழியில் எல்லோரும் ஒதுங்கி நிற்பார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெஸிடெண்ட் மன்றோ இந்த ஓட்டத்தை ஒரு துறையாக ஒழுங்குபடுத்தினார். ஓடுகிற வழி, கை மாறுகிற இடம், ஓட்டக்காரர், எல்லாம் முன்பே இருந்தவை. சேர்ந்தது கணக்கும் கால ஒழுங்கும். பிறகு அந்த நூற்றாண்டின் நடுவில், அரசாங்கத்துக்கு மட்டும் உழைத்த அந்த ஓட்டம் படிப்படியாகப் பொதுமக்களின் கடிதங்களையும் சுமக்கத் தொடங்கியது. கும்பகோணத்தில் பிறந்து 1857 முதல் 1872 வரை திருவிதாங்கூர் திவானாக இருந்த ஸர் டி. மாதவ ராவ் போன்றவர்களின் நிர்வாகத்தில் சமஸ்தானத்தின் பல துறைகள் இப்படி விரிந்தன. 1888-ல் சங்கு முத்திரை பதித்த தபால்தலைகள் வந்தன. 1951-ல் அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையுடன் இணைந்தது.

எங்கும் ஓட்டக்காரர்களை நிறுத்திவிட்டுப் புதிய துறை ஆரம்பிக்கவில்லை. "ஏற்கெனவே ஓடுகிற மனிதர் இன்னும் எதைச் சுமக்கலாம்?" என்றுதான் கேட்டார்கள். காலம் முடிந்தபோது, பெரிய அமைப்பு ஒன்றில் கலப்பதற்கும் தயங்கவில்லை. இருப்பதைப் போற்றுவது என்றால் இருப்பதை என்றென்றும் அப்படியே வைத்துக்கொள்வது என்று பொருளல்ல.

ஆறே குழாயானது

மீண்டும் போனக்காட்டுக்கு வருவோம். அதைச் சூழ்ந்த மலைகளில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிக் கரமனை ஆற்றில் சேர்கிறது. 1933-ல் அந்த ஆற்றில் அருவிக்கரை என்ற இடத்தில் நீரைத் தேக்கிச் சுத்திகரித்து, திருவனந்தபுரத்துக்குக் குழாய் வழியே கொடுக்கும் வில்லிங்டன் நீரகம் திறக்கப்பட்டது. ஊர் பெருகியது. கோடையில் நீர் போதவில்லை. என்ன செய்வது?

வேறு ஆற்றைத் தேடி, வேறு சுத்திகரிப்பு நிலையம் கட்டி, வேறு குழாய் போடலாம். அதற்குப் பதிலாக 1983-ல் ஆற்றின் மேற்பகுதியில், போனக்காட்டு மலையடிவாரப் பகுதியில், பேப்பாறை அணை கட்டப்பட்டது. மழைக்காலத்து நீர் அங்கே நிற்கும். வேண்டும்போது திறந்துவிட்டால் ஆற்றின் வழியே தானாக ஓடி அருவிக்கரைக்கு வரும். இரண்டுக்கும் நடுவில் குழாய் தேவையில்லை, ஆறே குழாய். ஐம்பது ஆண்டு முன் கட்டியது வீணாகவில்லை. புதிதாகக் கட்டியது அதன் பலத்தைப் பெருக்கியது. பின்னாளில் அருவிக்கரையில் கொள்ளளவைக் கூட்டிக்கொண்டே போனதும் இதே அடித்தளத்தின் மேல்தான்.

மாதா கோவிலில் ராக்கெட்

காந்த மத்திய ரேகை என்ற இயற்கைச் சொத்தைப் பற்றி முன்பு சொன்னேன். கால்டிகாட் காலத்துக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் அதே சொத்து திருவனந்தபுரத்தை மறுபடியும் உலக வரைபடத்தில் வைத்தது. மேல் வளிமண்டலத்தை ராக்கெட் அனுப்பி ஆராய, அந்த ரேகைக்கு அருகில் கடலோரமாக ஓர் இடம் வேண்டும் என்று டாக்டர் விக்ரம் சாராபாய் தேடினார். தும்பா என்ற மீனவர் கிராமம் பொருத்தமாக அமைந்தது.

அந்த இடத்தில் புனித மரிய மக்தலேனா ஆலயம் இருந்தது. அதை அரசாங்கம் ஆணையிட்டு எடுத்துக்கொள்ளலாம். சாராபாய் பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரெய்ராவை நேரில் சந்தித்துக் கேட்டார். பிஷப் தாமே பதில் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்குக் கூடிய ஜனங்களிடம் விஷயத்தை எடுத்துச் சொல்லி அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டார் என்று டாக்டர் அப்துல் கலாம் பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஜனங்கள் சம்மதித்தார்கள். ஆலயம் அலுவலகமும் ஆய்வகமும் ஆயிற்று. பிஷப்பின் இல்லமும் பயன்பட்டது. ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளில் போன புகைப்படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1963 நவம்பர் 21-ஆம் தேதி மாலை அங்கிருந்து முதல் ராக்கெட் புறப்பட்டது. அந்த ஆலயக் கட்டடம் இடிக்கப்படவில்லை. இன்று அது விண்வெளி மியூசியம்.

சிக்கனம் மட்டுமே இதில் உள்ள பாடம் என்று எண்ணக்கூடாது. "இருக்கிற வசதி" என்று நாம் சுலபமாகச் சொல்வது எப்போதும் யாரோ ஒருவருடையது. தும்பாவில் அது ஒரு கிராமத்தின் வழிபாட்டு இடமும் குடியிருப்பும். அவர்கள் இடம் பெயர்ந்தார்கள். அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர்களை முதலில் கேட்டார்கள் என்பதால்தான் அந்தச் சம்பவம் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மரியாதையுடன் பேசப்படுகிறது.

மலையடிவாரத்தில் எதிர்ப்பாடம்

இதற்கு நேர் எதிரான பாடமும் போனக்காட்டிலேயே கிடைக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் அங்கே தேயிலைத் தோட்டம் உருவாயிற்று. தொழிற்சாலை, யந்திரங்கள், தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் என்று ஒரு முழு ஊரே எழுந்தது. தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே கொழுந்து பறித்தன. பிற்காலத்தில் தோட்டம் நலிந்தது. தொழிற்சாலை ஓடாமல் நின்றது. சம்பளமும் பணிக்கொடையும் பாக்கியாயின. வேறு போக்கிடம் இல்லாத குடும்பங்கள் ஒழுகும் லயங்களிலேயே காலம் தள்ளின.

அங்கே என்ன குறைவு? நிலம் இருந்தது, தேயிலைச் செடி இருந்தது, யந்திரம் இருந்தது, எந்தச் செடியை எப்போது கிள்ள வேண்டும் என்று விரல் நுனியில் அறிந்த மனிதர்கள் இருந்தார்கள். இவ்வளவும் இருந்தும், இருப்பதைக் கணக்கெடுத்துப் பராமரித்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு தளர்ந்தபோது எல்லாமே கையை விட்டுப் போயிற்று. யந்திரம் துருப்பிடிப்பதைக் கண்ணால் காணலாம். கை தேர்ந்தவர்களின் பிள்ளைகள் அந்தத் தொழிலைக் கற்காமல் போவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நஷ்டத்தில் பெரியது அதுதான்.

நமக்கு என்ன?

நம் கிளைகள் பல ஊர்களில் இருக்கின்றன. சில கிளைகளுக்குச் சொந்தக் கட்டடம் உண்டு, சிலவற்றுக்கு வாடகை அறைகூட இல்லை. ஆனால் எந்தக் கிளையிலும் மூன்று விதமான சொத்துகள் கட்டாயம் இருக்கும். மேற்சொன்ன கதைகள் அவற்றைத்தான் வரிசையாகக் காட்டுகின்றன.

முதலாவது, மனிதர்கள். மிளகு ஏஜெண்டுக்குள் ஒரு வான சாஸ்திரி இருந்ததைப் போல, நம் அங்கத்தினர் பட்டியலில் வெறும் பெயராக இருப்பவருக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, நர்ஸாக இருந்த மாமி, தணிக்கையாளர், கணக்கு வாத்தியார், சமையலில் நூறு பேருக்குக் கை நடுங்காமல் அளவு சொல்லும் பெரியவர். படிவத்தில் பெயர், விலாசம், கோத்திரம் எழுத இடம் இருக்கிறது. "உங்களுக்கு என்ன தெரியும், வாரத்தில் எத்தனை மணி நேரம் தர முடியும்" என்று கேட்க ஒரு வரி சேர்த்தால் போதும்.

இரண்டாவது, ஓட்டம். அஞ்சல்காரரைப் போல நம் சங்கத்திலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள் உண்டு. இந்தக் காலாண்டு இதழ் ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறது. சந்தா வசூலிக்க ஒருவர் படியேறுகிறார். தனியாக வசிக்கும் வயதானவர்களின் நலம் விசாரிக்கத் தனி அமைப்பு ஒன்று ஆரம்பிப்பதற்கு முன், சந்தாவுக்குப் போகிறவர் பத்து நிமிஷம் உட்கார்ந்து விசாரித்து, ஒரு நோட்டில் குறித்து வந்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, குறிப்பேடு. பழைய கூட்ட நடவடிக்கைகள், நன்கொடைப் பதிவேடு, கல்வி உதவி பெற்ற மாணவர்களின் பட்டியல். இவை பெரும்பாலும் முன்னாள் செயலாளர் வீட்டுப் பரணில் இருக்கும். இருபது ஆண்டு முன் உதவி பெற்றுப் படித்த பிள்ளை இன்று எங்கே இருக்கிறான் என்று தேடிப் பார்த்தால், அடுத்த பிள்ளைக்கு உதவ அவனே முன்வரக்கூடும். அந்த ஒரு நோட்டு தொலைந்தால் அவனை நாம் கண்டுபிடிக்க முடியாது.

இவற்றைக் கணக்கெடுத்த பிறகு, இல்லாததற்குத் தாராளமாகச் செலவு செய்யலாம். பேப்பாறை அணைக்கும் பணம் வேண்டியிருந்தது, சும்மா வரவில்லை. இருப்பதை வைத்தே ஒப்பேற்றுவோம் என்று கைகட்டி உட்காருவதற்கு இந்தச் சரித்திரம் சாக்காகாது. கால்டிகாட்டை ஐரோப்பாவுக்கு அனுப்பத் தயங்கியிருந்தால் திருவனந்தபுரத்துக் கூடம் ஒரு தனி மனிதரின் பொழுதுபோக்காகவே முடிந்திருக்கும்.

புதிய திட்டம் ஒன்று நம் கமிட்டியின் முன் வரும்போது இனி மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். இதற்கு அடித்தளமாக நம்மிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது? அது யாருடையதோ, அவரைக் கேட்டோமா? இதை முன்னின்று நடத்துபவர் நாளைக்கே ஊர் மாறிப் போனால், மறுநாள் குறிப்பேட்டில் எழுதப்போவது யார்? மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால், நாம் கட்டப்போவது அகஸ்திய மலையின் உச்சியில் என்று அர்த்தம். பெயர் சொல்ல முடிந்தால் தயங்காமல் தீர்மானம் நிறைவேற்றலாம்.